ஜனநாயகத்தின் மீதான விமர்சனங்களில் எது கனமானது?

கேள்வி இதுதான்: ஜனநாயகம் என்ற ஆட்சிமுறையின் மீது பொதுவாக வைக்கப்படும் விமர்சனங்கள் யாவை, அவற்றில் எவை உண்மையிலேயே நிற்கக்கூடியவை? இந்த விமர்சனங்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு முறையீடுகள் அதற்குள் கலந்து கிடக்கின்றன. மக்களுக்கு ஆளத் தெரியாது என்பது ஒரு முறையீடு. மக்கள் ஆளவே இல்லை, அவர்கள் பெயரைச் சொல்லி வேறு சிலர் ஆள்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவது சரியென்றால் மக்கள் கையிலுள்ள அதிகாரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் அதைக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. இவற்றுக்கு அப்பால் மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. மக்கள் தாமே ஆண்டாலும், நன்கு யோசித்தே ஆண்டாலும், எண்ணிக்கையில் என்றைக்குமே சிறுபான்மையாக இருக்கப்போகிறவர்களுக்கு அந்த ஆட்சியில் என்ன பாதுகாப்பு என்ற கேள்வி அது. என் கணிப்பில் இந்த மூன்றாவதுதான் கனமானது. முதலாவது, எவ்வளவு பரவலாகச் சொல்லப்பட்டாலும், மூன்றிலும் மெலிந்தது. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலாவது விமர்சனத்தின் வயது ஏறத்தாழ 2400 ஆண்டுகள். கப்பலைச் செலுத்துவது யார் என்பதைக் கடலும் விண்மீனும் அறியாத மாலுமிகள் கூச்சலிட்டு முடிவுசெய்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் பிளேட்டோ. அவருடைய ஆசிரியர் சாக்ரடீசுக்கு கி.மு. 399இல் மரண தண்டனை விதித்ததும் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏதென்ஸ் குடிமக்களின் பெரிய நடுவர் குழுவே. முப்பது வாக்குகள் இடம் மாறியிருந்தால் தாம் விடுதலை ஆகியிருக்கக்கூடும் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் பிளேட்டோ பதிவுசெய்கிறார். இதைச் சுட்டிக்காட்டுபவர்கள் பெரும்பாலும் அதே நகரத்தில் ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்வதில்லை. எனக்கு அது இன்னும் பொருள் நிறைந்ததாகத் தோன்றுகிறது.

கி.மு. 406இல் அர்கினுசே தீவுகளருகே ஏதென்ஸின் கடற்படை ஸ்பார்ட்டாவை வென்றது. ஆனால் உடைந்த கப்பல்களில் தத்தளித்த வீரர்களைப் புயல் காரணமாக மீட்க முடியாமல் போயிற்று. ஆத்திரமுற்ற மக்கள் சபை, வென்று திரும்பிய தளபதிகளையே குற்றவாளிகளாக நிறுத்தியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது நகரத்தின் சட்டம். அதை விட்டுவிட்டு அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. இது சட்டத்துக்குப் புறம்பானது என்று சிலர் தடுத்தபோது, மக்கள் விரும்பியதைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று சபை கூச்சலிட்டதாக அக்காலத்து வரலாற்றாசிரியர் செனபோன் எழுதுகிறார். அன்று சபையை நடத்தும் குழுவில் இடம்பெற்றிருந்த சாக்ரடீஸ் மட்டும் தீர்மானத்துக்கு உடன்பட மறுத்தார். நகரத்துக்குத் திரும்பியிருந்த ஆறு தளபதிகளும் கொல்லப்பட்டனர். பின்னர் ஏதென்ஸ் மக்கள் தம் செயலுக்காக வருந்தினர், தம்மைத் தூண்டியவர்கள் மீது வழக்குத் தொடுக்கவும் தீர்மானித்தனர்.

இங்கே பிழைத்தது மக்களின் அறிவா? கடற்போரைப் பற்றி அந்தச் சபையில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களில் பலர் தாமே துடுப்பு வலித்தவர்கள். பிழை வேறிடத்தில் நேர்ந்தது. தாங்களே இயற்றிய சட்டம், தாங்கள் பெரும்பான்மையாகக் கூடியிருக்கும்போது தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அவர்கள் எண்ணினார்கள். அறியாமையைக் குறை சொல்பவர்கள் காட்டும் பெரும்பாலான உதாரணங்கள், கூர்ந்து பார்த்தால், கட்டுப்பாடின்மைக்கு உதாரணங்களாகவே இருக்கின்றன. படித்தவர்கள் மட்டுமே கூடிய சபைகளிலும் இது நடக்கும், நடந்தும் இருக்கிறது.

வாக்காளரின் அறியாமை பற்றிய கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கான வாக்குகளில் ஒன்றாகத் தன் வாக்கும் கரையப்போகிறது என்று தெரிந்த ஒருவர், வரவுசெலவுத் திட்டத்தை வரிக்கு வரி படிக்க நேரம் ஒதுக்க மாட்டார். 1957இல் ஆந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை விரிவாக வாதிட்டார். அது சோம்பலன்று, கணக்கு. கேள்வி, இதற்கு மாற்றாக என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதுதான். படித்தவர்களுக்குக் கூடுதல் வாக்கு என்பது அடிக்கடி சொல்லப்படும் மாற்று. பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில் கூட 19ஆம் நூற்றாண்டில் இதைப் பரிந்துரைத்தார். பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குத் தனித் தொகுதி இருந்த வழக்கம் 1950 வரை நீடித்தது. அதனால் அங்கே ஆட்சி மேம்பட்டதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை.

இந்தியாவில் இந்தப் பரிசோதனையை மறுபக்கத்திலிருந்து நடத்திப் பார்த்தோம். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 17.3 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1971இல்தான் கிடைத்தது என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்து, படிக்காதவரும் தம் விருப்பம்போல் சீட்டைப் போடும்படி செய்தார். கணக்கெடுப்பவர்கள் பெயர் கேட்டபோது, தம் பெயரைச் சொல்ல மறுத்து இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. சென் அதில் சமரசம் செய்துகொள்ளவில்லை. பெயர் இருந்தால்தான் வாக்கு என்ற அந்தக் கண்டிப்பு, குடும்பத்தலைவரின் நிழலில் நின்றவர்களைத் தனி ஆள்களாகக் கணக்கில் கொண்டுவரும் வேலையைத் தொடங்கிவைத்தது.

படிக்காதவர்கள் சுதந்திரத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், சோறு போட்டால் போதும் என்ற பேச்சு 1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது வெளிப்படையாகவே கேட்டது. 1977 மார்ச் தேர்தலில், கட்டாயக் கருத்தடையின் கொடுமை மிகுதியாக நிகழ்ந்த உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஒரு மக்களவைத் தொகுதி கூடக் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் ஆந்திராவில் அக்கட்சி ஏறத்தாழ எல்லா இடங்களையும் வென்றது. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டணியே பெருவெற்றி பெற்றது. ஆகவே இந்திய வாக்காளர்கள் அனைவரும் சுதந்திரத்தின் காவலர்களாக எழுந்தார்கள் என்று சொன்னால் அது மிகை. எங்கே அடி விழுந்ததோ அங்கே அடிபட்டவர்கள் ஆட்சியைத் தூக்கி எறிந்தார்கள் என்பதே துல்லியமான விவரிப்பு. வாக்குரிமையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே: கொள்கை நுணுக்கங்களில் தேர்ச்சி வேண்டியதில்லை, தனக்கு நேர்வதைத் தானே அறிந்து சொல்லும் வாய்ப்பு வேண்டும்.

இலவசங்களுக்கு மயங்கி வாக்களிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இதே வகையைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் பள்ளி மதிய உணவைக் காமராசர் 1950களில் பரவலாக்கி, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 முதல் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, இது வாக்குக்கான செலவு, மாநிலக் கருவூலம் தாங்காது என்று படித்தவர்கள் பலர் எழுதினார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் தர வேண்டும் என்று ஆணையிட்டது. அன்றைய விமர்சகர்களைவிட அன்றைய தாய்மார்களே சரியாகக் கணித்திருந்தார்கள். மறுபுறம், உழவுக்கு இலவச மின்சாரம் என்ற வாக்குறுதியைக் கொடுத்தபின் எந்தக் கட்சியாலும் அதை நிலையாக நீக்க முடியவில்லை. கொங்குப் பகுதியில் ஆயிரம் அடிக்கு மேல் துளை போட்டும் தண்ணீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணறுகள் ஏராளம். அடுத்த தலைமுறைக்கு வாக்கு இல்லை, ஆகவே நிலத்தடி நீருக்கும் வாக்கு இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல் ஐம்பதாண்டுச் சேதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்ற விமர்சனம் நியாயமானது, அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

ஆனால் இந்த இடத்தில் சிங்கப்பூரைக் காட்டி, ஒரு நல்ல கண்டிப்பான தலைவர் இருந்தால் போதும் என்று முடிப்பவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. லீ குவான் யூ கிடைப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1962இல் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த நே வின்னும் தேர்தல் தொந்தரவு இல்லாத, கண்டிப்பான தலைவர்தான். அவர் கடைகளையும் வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்கியதில், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உள்ளிட்ட லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள்; சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காக எழுந்தது. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை எந்த ஈடும் தராமல் செல்லாதவையாக்கி, 45, 90 கியாட் நோட்டுகளை அவர் வெளியிட்டார். இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள், ஒன்பது அவருடைய ராசி எண் என்பது பரவலாக அறியப்பட்டது. மக்களின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. இதைத் தடுக்க அங்கே யாருக்கும் வழி இருக்கவில்லை. அமர்த்தியா சென் நெடுங்காலமாகச் சுட்டிவரும் ஒப்பீடும் இதையே உணர்த்துகிறது: 1943இல் காலனி ஆட்சியில் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர், விடுதலைக்குப் பின் இந்தியாவில் அப்படியொரு பெரும் பஞ்சம் வரவில்லை, அதே காலத்தில் 1958-61 ஆண்டுகளில் சீனாவில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். எதிர்க்கட்சியும் பத்திரிகையும் இருக்கும் நாட்டில் பட்டினிச் சாவை மறைக்க முடியாது என்பது அவர் வாதம். மறைக்க முடிகிற மெதுவான ஊட்டச்சத்துக் குறைபாட்டை இந்திய ஜனநாயகம் இன்றுவரை சகித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் அவரே சேர்த்துச் சொல்கிறார்.

இனி இரண்டாவது முறையீட்டுக்கு வருகிறேன். மக்கள் ஆள்கிறார்கள் என்பதே உண்மையா? 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. 37இல் வென்றது, அது பெற்ற வாக்குகள் சுமார் 44 விழுக்காடு. ஏறத்தாழ 24 விழுக்காடு பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. அதே தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் ஐந்தில் ஒருவர் பகுஜன் சமாஜ் கட்சிக்கு வாக்களித்தும் அக்கட்சிக்குக் கிடைத்தது பூஜ்யம். நாடு முழுவதும் 31 விழுக்காடு வாக்கு பெற்ற பா.ஜ.க. 282 இடங்களுடன் தனிப் பெரும்பான்மை பெற்றது. இது ஒரு கட்சியின் தந்திரம் அன்று. 1991 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இரண்டு இடங்களிலும், 1996இல் அ.தி.மு.க. நான்கு இடங்களிலும் மட்டுமே வென்றபோது, தோற்ற ஒவ்வொரு கட்சிக்கும் ஐந்தில் ஒருவருக்கு மேல் வாக்களித்திருந்தார்கள். பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி சுமார் 34 விழுக்காடு வாக்குகளுடன் 650இல் 410க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. தொகுதியில் முதலில் வருபவரே வென்றவர் என்ற கணக்குமுறையின் விளைவு இது. நிலையான அரசு அமைய இது உதவும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பான்மையின் ஆட்சி என்று நாம் சொல்வது பல நேரங்களில் பெரிய சிறுபான்மை ஒன்றின் ஆட்சியே என்பதை மறைக்கக் கூடாது.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாவது சுயமாகப் பேச முடிகிறதா? 1985இல் கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம், பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்கும் நல்ல நோக்கத்தில் பிறந்தது. நடைமுறையில் அது, கொறடா உத்தரவை மீறி ஒரு மசோதாவை எதிர்க்கும் உறுப்பினரின் பதவியையே பறிக்க வழிசெய்கிறது. தொகுதி மக்களின் கருத்து எதுவானாலும் உறுப்பினர் கட்சித் தலைமையின் கைவிரலாகவே வாக்களிக்க வேண்டும் என்றால், ஒரு லட்சம் பேர் சேர்ந்து ஒருவரை அனுப்புவதன் பொருள் பாதி கரைந்துபோகிறது. 2017 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தின் 18 உறுப்பினர்களை அவைத்தலைவர் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருவேறு தீர்ப்பாகி, மூன்றாவது நீதிபதியிடம் சென்று, முடிவாகி, 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த 18 தொகுதிகளின் மக்களுக்கு அவையில் ஆளே இல்லை. உறுப்பினர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். வாக்களித்தவர்களை அந்த விவாதத்தில் யாரும் கேட்கவில்லை என்பதே இங்கே எனக்கு முக்கியம்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ராதாகிருஷ்ணன் நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தல்கள் நிறுத்தப்பட்டதை நாடே பார்த்தது. வாக்குக்குப் பணம் வாங்கும் ஏழையைத் திட்டுவது எளிது. வேட்பாளருக்கு மக்களவைத் தேர்தலில் 95 லட்ச ரூபாய் என்று செலவு வரம்பு வைத்துவிட்டு, கட்சிகளின் செலவுக்கு வரம்பே வைக்காத சட்டத்தையும், நன்கொடையாளர் பெயர் மக்களுக்குத் தெரியாதபடி 2018 முதல் நடைமுறையிலிருந்து, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தால் ரத்துசெய்யப்பட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தையும் கேட்பதுதான் கடினமான வேலை. வாசலில் கொடுக்கப்படும் ரூபாய் நோட்டுக்குப் பின்னும் வாக்கு ரகசியமாகவே இருக்கிறது. திரைக்குப் பின் கொடுக்கப்படும் கோடிகளுக்குப் பின் சட்டமே மாறுகிறது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கொண்டுவரலாம், கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் என்று சுருக்கலாம், கட்சிச் செலவுக்கு வரம்பு வைக்கலாம். மூன்றாவது விமர்சனம் அப்படிப்பட்டதன்று. ஜனநாயகம் முழு ஒழுங்கோடு, ஒரு கள்ள ஓட்டுக்கூட இல்லாமல் நடந்தாலும் அது தீராது. இதைப் புரிந்துகொள்ள இலங்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஆசியாவில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை முதலில் கிடைத்த இடம் இலங்கை, ஆண்டு 1931. எழுத்தறிவிலும் அன்றைய இந்தியாவைவிட எவ்வளவோ முன்னே இருந்தது. ஆகவே மக்களின் அறியாமை என்ற விளக்கம் அங்கே எடுபடாது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறைக் கணக்கில் பிறப்புச் சான்றுகளைக் காட்டச் சொன்ன அந்தச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த லட்சக்கணக்கான தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், முறையாக வாக்கெடுத்து, யாருக்கு வாக்கு உண்டு என்பதையே மாற்றி எழுதியது. தம்மை நீக்கியவர்களை அடுத்த தேர்தலில் தண்டிக்கும் வழி, நீக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டத்தினாலேயே அடைபட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டபோதும் அந்த மக்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

1956 வந்தது. சிங்களவர் மக்கள் தொகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கத்தோடு பண்டாரநாயக்கா தேர்தலைச் சந்தித்தார். அதுவரை இருமொழி என்று சொல்லிவந்த ஐக்கிய தேசியக் கட்சியும், தோற்றுவிடுவோம் என்ற அச்சத்தில், அதே ஆண்டு சிங்களம் மட்டும் என்ற பக்கத்துக்குத் தாவியது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பெரும்பான்மையிடம் வாக்குக் கேட்கும்போது, யார் கூடுதலாகச் சாய்வது என்பதே போட்டியாகிவிடுகிறது. கட்சிகளின் போட்டி மக்களுக்கு நன்மை தரும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கே தலைகீழானது. 1957இல், பிரதமராகியிருந்த பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் தமிழர் உரிமைகள் குறித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். எதிர்ப்புக்கு அஞ்சிப் பண்டாரநாயக்கா அதை 1958இல் கைவிட்டார். எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் ஒப்பந்தத்தை எதிர்ப்பார்கள், ஆட்சிக்கு வந்தபின் தாமே ஓர் ஒப்பந்தம் செய்வார்கள், அதைப் புதிய எதிர்க்கட்சி எதிர்க்கும். இந்த வட்டம் மூன்று பத்தாண்டுகள் சுழன்று, எங்கே போய் நின்றது என்பது தெரிந்ததே.

சட்டத்தில் பாதுகாப்பு இருந்ததா என்றால், இருந்தது. விடுதலையின்போது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தினருக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. அதைச் சோதித்துப் பார்த்தவர் கோடீஸ்வரன் என்ற அரசு எழுத்தர். சிங்கள மொழித் தகுதியைப் பெறவில்லை என்பதற்காக 1962இல் அவருக்கு வரவேண்டிய ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஆட்சிமொழிச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் தம் ஊதியத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லி, மொழிக் கேள்விக்குள் நுழையாமலே அதைப் புரட்டியது. 1969இல், அன்று இலங்கை வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை முடிவுசெய்யும்படி இலங்கை உச்ச நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. 1972இல் வந்த புதிய குடியரசு அரசியலமைப்பு சிங்களத்துக்கு அரசியலமைப்புத் தகுதியே கொடுத்து, 29ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கைவிட்டது. ஓர் எழுத்தரின் ஊதிய உயர்வில் தொடங்கிய நியாயமான கேள்வி பத்தாண்டு காத்திருந்து, கேட்கப்பட்ட இடமே இல்லாமல் போயிற்று.

இது மொழிக்கும் இனத்துக்கும் மட்டும் உரிய சிக்கல் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் அங்கே தேர்தல் அறிவிப்பு வரும். ஊரில் பெரும்பான்மையான சாதியினரின் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி யாரும் வேட்புமனு கொடுக்க மாட்டார்கள். அல்லது அவர்களே நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. அதே மாவட்டத்தின் மேலவளவில் துணிந்து நின்று வென்ற முருகேசன் 1997 ஜூனில் பேருந்திலேயே வழிமறிக்கப்பட்டு, உடனிருந்தவர்களோடு கொல்லப்பட்டார். ஊரின் எண்ணிக்கைப் பலம் சின்னஞ்சிறு ஊராட்சியில் எவ்வளவு கொடூரமாக இயங்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தில்லியிலிருந்து வந்த இடஒதுக்கீடு என்ற வெளிக்கட்டுப்பாடு இல்லாவிட்டால், அந்த ஊர்களில் கேள்வியே எழுந்திருக்காது.

ஆக, தலைகளை எண்ணுவதற்கு முன்பே சில காரியங்கள் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவை என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் மட்டும் இதற்குப் போதாது என்பதைக் கோடீஸ்வரன் வழக்கு காட்டிவிட்டது. நெருக்கடிநிலையின்போது 1976இல் ஆட்கொணர்வு மனுவைக் கேட்கவே இயலாது என்று சொன்ன இந்திய உச்ச நீதிமன்றமும், நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு ஒன்றைத் தவிர, காட்டிவிட்டது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் மக்களின் முடிவைத் தடுப்பது ஜனநாயகமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், அது பொருளற்ற கேள்வி அன்று. காகிதத்தில் எழுதிய தடைக்குப் பின்னால் அதைத் தாங்கும் அதிகாரம் ஒன்று சிறுபான்மையினரின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு.

இந்தியாவின் ஆட்சிமொழிச் சிக்கலை இலங்கையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஒன்றியத்தின் முதன்மையான ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தபோது தமிழ்நாடு கொந்தளித்தது. மதுரையில் தொடங்கிய மாணவர் போராட்டம் பரவியது, துப்பாக்கிச் சூடுகளில் பலர் இறந்தனர், சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலக முன்வந்தனர், பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். இந்தியாவில் இந்தி பேசுவோர் பெரும் பிரிவினராக இருந்தாலும் தனித்துப் பாதிக்கு மேல் இல்லை. மாநிலங்களுக்குத் தனிச் சட்டமன்றம் இருந்தது. 1967இல் சென்னை மாநிலத்தில் காங்கிரசே ஆட்சியை இழந்தது. இந்த மூன்றும் இலங்கைத் தமிழர்களுக்கு வாய்க்கவில்லை. அதே 1967இன் இறுதியில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றும்வரை, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானிக்கும்வரை, ஆங்கிலம் தொடரும் என்று அதன் 3(5) பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றத்தில் எவ்வளவு பெரிய பெரும்பான்மை இருந்தாலும், அந்தப் பிரிவு நடைமுறையில் உள்ளவரை, அத்தகைய ஒரே ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் தீர்மானம் போடாமல் இருந்தால் போதும்.